பிஷெமிஷல் கோட்டை, 1914–15: ரஷ்யர்கள் உடைக்காத கோட்டை எப்படி விழுந்தது?

எல்லைக்கோடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் வரலாறு படித்தவள் இல்லை, டாக்டர். 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைனிலிருந்து வெளியேறிய நம் ஊர் மாணவர்களில் நானும் ஒருத்தி. லிவிவ் நகரிலிருந்து கொஞ்ச தூரம் வண்டி, அதற்கு மேல் ரோடு முழுக்கக் கார் நின்றதால் நடை. ஷெஹினி எல்லையில் ஒரு பகலும் ஒன்றரை இரவும் வரிசையில் நின்றோம். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் விரல் இருப்பதே தெரியவில்லை. போலந்துப் பக்கம் மெடிகா வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி ஒரு ஊரில் இறக்கினார்கள். ஊர்ப் பெயரை வாசிக்கக்கூடத் தெரியவில்லை. சூப் ஊற்றிக் கொடுத்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "ப்ஷெ-மிஷ்ல்" என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். தமிழில் பிஷெமிஷல் என்றே எழுதிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் அந்த ஊரைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறேன். முதல் உலகப் போரில் அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பெரிய கோட்டை நகரம், ரஷ்யர்கள் 133 நாள் முற்றுகையிட்டார்கள், 1915 மார்ச் 22 அன்று கோட்டை சரணடைந்தது என்பது வரை தெரிந்தது. ஆனால் ஒரு விஷயம் பிடிபடவில்லை. முற்றுகை போட்டவர்கள் கோட்டையைத் தாக்கிப் பிடிக்கவில்லை என்கிறார்கள். உள்ளே லட்சத்துக்கு மேல் சிப்பாய்கள், ஊரைச் சுற்றிக் கோட்டை வளையம், பீரங்கிகள். அப்புறம் எப்படி விழுந்தது? "பட்டினி" என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள். ஒரு பேரரசின் கோட்டைக்குள் நாலரை மாதத்தில் சாப்பாடு தீர்ந்துபோகுமா? யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா?

கரிசல்காட்டான்

பெரிய பீரங்கிகள் வந்த பிறகு கான்கிரீட் கோட்டைகளுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லியெஜ் கோட்டைகளை ஜெர்மனி உடைத்தது அப்படித்தான். இங்கேயும் அதுவாகத்தான் இருக்கும். பிஷெமிஷலின் பல கோட்டைகள் பழைய பாணி, செங்கல்லும் மண்மேடும். ரஷ்யர்களின் கனரகப் பீரங்கி முன்னால் எத்தனை நாள் நிற்கும்?

ரேஷன் ஹவில்தார்

கரிசல்காட்டான் தம்பி, லியெஜுக்கு நீங்கள் சொல்வது சரி. இங்கே பொருந்தாது. ரஷ்யர்களிடம் அப்போது அந்த அளவு கனரகப் பீரங்கி கைவசம் இல்லை. இல்லாமலே 1914 அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு தடவை பாய்ந்து பார்த்தார்கள். ராட்கோ டிமிட்ரியெவ் என்ற தளபதி, பல்கேரியாக்காரர், ரஷ்யப் படையில் இருந்தவர். தென்கிழக்கே ஷெட்லிஸ்கா கிராமத்துப் பக்கம் ஒரு சின்னக் கோட்டையின் மேலேயே ஏறிவிட்டார்கள். உள்ளே இருட்டு நடைவழிகளில் கைகலப்பு நடந்தது. ஏறியவர்கள் பிடிபட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்து பின்வாங்கினார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே இருந்து ஆஸ்திரியப் படை ஒன்று நெருங்கி வரவே, முற்றுகையும் விலகியது.

நவம்பரில் திரும்ப வந்தபோது தளபதி வேறு, செலிவானோவ். அவர் பாயவே இல்லை. சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

எல்லைக்கோடு அம்மா, நீங்கள் கேட்டது எனக்குத் தெரிந்த துறை. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். நான் ஏ.எஸ்.சி., அதாவது ராணுவத்தின் சப்ளை பிரிவு. 24 வருஷம் அரிசி, ஆட்டா, பருப்பு, மண்ணெண்ணெய் என்று எண்ணிக் கொடுத்தவன். நடுவில் நாலு வருஷம் கோவேறு கழுதைக் கம்பெனியோடு மலையில். அதனால் இந்தக் கோட்டையின் கதையைப் படிக்கும்போது என் கண் முதலில் போவது பீரங்கிக்கு இல்லை, ஸ்டாக் லெட்ஜருக்கு.

முதலில் தலைக்கணக்கு. நவம்பரில் கதவு மூடியபோது உள்ளே சுமார் 1,30,000 படையினர். ஊர் ஜனம் சுமார் 30,000. குதிரைகள் சுமார் 21,000. இந்த மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வேலை செய்யும் குதிரைக்கு ஒரு நாளைக்கு நாலு கிலோ ஓட்ஸ் வேண்டும் என்று வையுங்கள். அதோடு வைக்கோல் தனி. 21,000 குதிரைக்கு நாளொன்றுக்கு 84 டன் தானியம். மனிதனுக்கு 700 கிராம் ரொட்டி என்று போட்டால் 1,30,000 பேருக்கு 91 டன். இது நான் போட்ட கணக்கு, அவர்கள் லெட்ஜரில் இருந்து எடுத்ததல்ல. முற்றுகையில் எந்தக் குதிரைக்கும் முழு ரேஷன் கிடைத்திருக்காது. ஆனாலும் விகிதத்தைப் பாருங்கள். மனிதன் தின்பதில் கிட்டத்தட்ட அதே அளவைக் குதிரையும் தின்கிறது. அதுவும் மனிதன் தின்னக்கூடிய தானியம்.

சரி, இவ்வளவு குதிரை எதற்கு? கோட்டை வளையத்தின் சுற்றளவு 45 கிலோமீட்டருக்கு மேல். பீரங்கி, குண்டு, விறகு, தண்ணீர், காயம்பட்டவன் எல்லாம் குதிரை வண்டியில்தான் நகர வேண்டும்.

இருப்பு ஏன் குறைந்தது என்பதற்கு வருகிறேன். பேரரசு கஞ்சத்தனமாக வைக்கவில்லை, நிறையவே சேர்த்து வைத்திருந்தது. அதைத் தின்றது எதிரி இல்லை, சொந்தப் படை. செப்டம்பரில் லெம்பெர்க் பக்கம் (அதுதான் உங்கள் லிவிவ்) தோற்றுப் பின்வாங்கிய படைகள் இந்த ஊர் வழியாகப் போனபோது கோட்டைக் கிடங்கில் கை வைத்தன. அக்டோபரில் முற்றுகையை விலக்க வந்த படை ஊரைச் சுற்றி வாரக்கணக்கில் நின்று போரிட்டது. அதற்குப் பின்னால் இருந்து சப்ளை வர வழியில்லை. ரயில் பாலம் உடைந்து கிடந்தது, சாலைகள் மழையில் சேறு. பக்கத்தில் நிறைந்த கிடங்கு இருக்கிறது, எதிரே சொந்தச் சிப்பாய் பசியோடு நிற்கிறான். எந்த ஸ்டோர்கீப்பர் "தர மாட்டேன்" என்பான்? கொடுத்தார்கள். ரொட்டி, ஓட்ஸ், பீரங்கிக் குண்டுகூடக் கொடுத்தார்கள். பாலம் சரியாகி ரயில் ஓடியது சில நாட்கள்தான். எடுத்ததைத் திருப்பி நிரப்பும் முன் படை மறுபடி மேற்கே விலக உத்தரவு வந்துவிட்டது. கோட்டை மறுபடி தனியானது.

அந்த அக்டோபர் கடைசி நாட்களில்தான் கோட்டை விழுந்தது என்பேன். மார்ச்சில் நடந்தது அதன் பாக்கி.

லடாக்கில் எங்களுக்கு விண்டர் ஸ்டாக்கிங் என்றால் திருவிழா மாதிரி, பயமும் மாதிரி. கணவாய் மூடுவதற்குள் ஆறு மாதத்துக்கு வேண்டியது மேலே ஏறியாக வேண்டும். நவம்பருக்குப் பிறகு "ஐயோ, உப்பை மறந்துவிட்டோமே" என்றால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். அதனால் அந்தக் கோட்டைக் கிடங்கில் இருந்தவனை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நவம்பர் 9-ம் தேதி வாக்கில் கதவு மூடுகிறது. ஊர் ஜனத்தை முழுசாக வெளியேற்றவில்லை. லெட்ஜரில் இருப்பதும் கிடங்கில் இருப்பதும் ஒன்றா என்று எண்ணிப் பார்க்க அவகாசமும் இருந்திருக்காது.

அப்புறம் குதிரையை வெட்ட ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு குதிரையை வெட்டினால் இரண்டு லாபம். இறைச்சி கிடைக்கிறது, அது தின்ன இருந்த ஓட்ஸ் மனிதனுக்கு மிஞ்சுகிறது. ஒரு குதிரைக்கு 180 கிலோ இறைச்சி, ஆளுக்கு 200 கிராம் என்று வைத்தால் 10,000 குதிரை ஏறக்குறைய 70 நாளுக்கு வரும். பனிக்காலம் என்பதால் இறைச்சி கெடாது. காகிதத்தில் அருமையான யோசனை. கோட்டைத் தளபதி குஸ்மானெக் மேலிடத்துக்கு "இத்தனாம் தேதி வரை தாங்கும்" என்று அனுப்பிய தேதி, ஒவ்வொரு தடவை குதிரை வெட்டும்போதும் தள்ளிப் போனது. ஜனவரி என்றது பிப்ரவரி ஆனது, பிப்ரவரி மார்ச் ஆனது.

நஷ்டம் எங்கே என்றால், குதிரை போனால் பீரங்கி நகராது. பீரங்கி நகராவிட்டால் கோட்டையை விட்டு உடைத்துக்கொண்டு வெளியேற முடியாது. நாட்களை வாங்க வாங்க, படையின் கால் போய்க்கொண்டிருந்தது. முதலில் இருந்த குதிரையில் நாலில் ஒரு பங்குகூட மார்ச்சில் மிஞ்சவில்லை. மிஞ்சியதும் நிற்க முடியாத எலும்புக்கூடு. வைக்கோல் தீர்ந்து மரத்தூளும் காய்ந்த இலையும் போட்டிருக்கிறார்கள்.

அதைப் படித்த அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. ஏனென்றால் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குளிர்காலம், பனிச்சரிவு பாதையை மூடி எங்கள் போஸ்ட் 19 நாள் தனியானது. ஆட்களுக்கு ரேஷன் இருந்தது. கழுதைகளுக்கு பார்லி இல்லை, ஏற்ற வேண்டிய பார்லி நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆறாம் நாள் பாதியாகக் குறைத்தேன், பத்தாம் நாள் கால்வாசி. பன்னிரண்டாம் நாள் காலையில் லாயத்துக்குப் போனால் தீவனத் தொட்டியின் விளிம்புப் பலகை முழுக்கப் பல் தடம். கடித்துக் கடித்து மரம் தும்பு தும்பாகத் தொங்குகிறது. பக்கத்தில் நின்ற இரண்டு கழுதைகளுக்கு வாலில் முடியே இல்லை, ஒன்றை ஒன்று மென்றிருக்கின்றன. சத்தமே இல்லை. பசித்த கழுதை முதல் ரெண்டு நாள்தான் கத்தும். அப்புறம் கத்தாது, நாம் உள்ளே போனதும் கையைத்தான் பார்க்கும். எங்களுக்கு 19 நாளில் பாதை திறந்தது, மூன்று கழுதைகளோடு போயிற்று. அங்கே 133 நாள்.

மனிதர்கள் நிலைமைக்கு வருகிறேன். ரொட்டி மாவில் எலும்புத்தூளும் மரத்தூளும் கலந்தார்கள். வீடு வீடாகச் சோதனை போட்டு ஒளித்து வைத்த உருளைக்கிழங்கை எடுத்தார்கள். இந்தப் படையில் பெரும்பகுதி முன்னணிச் சிப்பாய்கள் இல்லை. லாண்ட்ஸ்டுர்ம் என்று ஒரு வகை, வயசானவர்கள், குடும்பஸ்தர்கள், ஊரில் கடை கண்ணி வைத்திருந்தவர்கள். பனியில் காவல் மாற்றப் போனால் நின்ற இடத்திலேயே ஆள் செத்திருப்பான், குண்டு பட்டு இல்லை. அதே ஊரில் அதிகாரிகளின் காபிக் கடைகள் கடைசி வரை ஓடின. கோட்டை விழுந்த பிறகு உள்ளே போன வெளிநாட்டு நிருபர்கள், அதிகாரிகளின் சிவந்த முகத்தையும் சிப்பாய்களின் ஒட்டிய கன்னத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சப்ளைக்காரனாகச் சொல்கிறேன், பஞ்ச காலத்தில் கிடங்குச் சாவி வைத்திருப்பவன் முதலில் தன் தட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சிப்பாய்க்கு ரொட்டி குறைந்தது பெரிசாகத் தெரியாது. அடுத்த தட்டு நிறைந்திருப்பதுதான் ஆளை உடைக்கும்.

வெளியே இருந்து காப்பாற்ற முயன்ற கதை இன்னும் கொடுமை. நாளைக்குத் தொடர்கிறேன், கண் எரிகிறது.

தபால்தலை ஆர்வலர்

ஹவில்தார் ஐயா எழுதியதற்கு இடையில் ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். தபால் சேகரிப்பவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் நன்றாகத் தெரியும். முற்றுகை நடந்தபோது கோட்டையிலிருந்து விமானத்தில் தபால் போனது. விமானத் தபால் என்பதே அப்போது கைக்குழந்தை. நம் அலகாபாத்திலிருந்து நைனிக்கு முதல் விமானத் தபால் பறந்தது 1911 பிப்ரவரி 18. அது கண்காட்சிக்காக, ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். நாலே வருஷம் கழித்து பிஷெமிஷலில் அதே காரியம் உயிர்ப் பிரச்சினையாக நடந்தது, அதுவும் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கு மேலே.

எடை கூடக் கூடாது என்பதால் கார்டுகள் மெல்லிசு. தணிக்கை உண்டு. "நலமாக இருக்கிறேன்" என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் எழுத முடியாது. விமானம் போதாமல் ஆளில்லாத பலூன்களிலும் கட்டி விட்டார்கள். காற்று அடித்த பக்கம் போகும், நிறைய ரஷ்யர்கள் கையில் விழுந்தன.

ஒரு ஏலப் பட்டியலில் அப்படி ஒரு கார்டின் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் எழுத்து, எனக்குத் தெரியாத மொழி. முகவரிப் பக்கம் மட்டும் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது, பென்சில் முனை அட்டையில் பள்ளம் விழுந்த மாதிரி. மறுபக்கம் செய்தி நாலு வரிதான். அதில் அந்த அழுத்தம் இல்லை. சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தால் போதும் என்று நினைத்திருப்பார் போல.

எல்லைக்கோடு

ஐயா, இரண்டு தடவை படித்தேன். கழுதைகள் கையைப் பார்க்கும் என்று எழுதியிருந்தீர்களே, அங்கே நிறுத்திவிட்டு வார்டுக்குப் போய்விட்டு வந்துதான் மீதியைப் படிக்க முடிந்தது.

டாக்டராக ஒன்று சொல்கிறேன். அந்த முற்றுகையில் ஸ்கர்வி வந்ததாகப் படித்தேன். பச்சைக் காய்கறி, பழம் எதுவும் இல்லாமல் மூன்று மாதம் போனால் அது வரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயத் தழும்புகூடத் திரும்பப் பிரிந்துகொள்ளும். 1915-ல் வைட்டமின் சி என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. ஆனால் எலுமிச்சையும் காய்கறியும் தீர்க்கும் என்று கப்பல்காரர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகவே தெரியும். அந்த மருத்துவர்களுக்கு மருந்து என்ன என்று தெரிந்திருக்கும், மருந்து ஊருக்கு வெளியே வயலில் இருந்தது. காலராவும் டைஃபஸும் வேறு. ஒட்டிய உடம்பில் அவை வந்தால் நாங்கள் இன்றுகூடப் பயப்படுவோம்.

எனக்கு இன்னொரு சந்தேகம். கடைசியில் வெளியேற ஒரு முயற்சி செய்தார்கள் என்று படித்தேன். அது தங்கள் படை இருந்த தெற்குப் பக்கம் போகாமல் கிழக்கே போனதாமே. ஏன்?

ரேஷன் ஹவில்தார்

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன், உங்கள் கேள்விக்கும் அதிலேயே பதில் வரும்.

தெற்கே கார்பேத்திய மலை. அதற்கு அப்பால் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை. தலைமைத் தளபதி கான்ராட், கோட்டையை மீட்க ஜனவரி 23 அன்று மலையில் தாக்குதல் தொடங்கினார். ஜனவரியில், கார்பேத்தியக் கணவாயில்! மலையில் இருந்தவன் எவனும் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டான். ஆனால் அவருக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்க விடவில்லை அந்தத் தேதி, அதுதான் குஸ்மானெக் அனுப்பிக்கொண்டிருந்த "இத்தனாம் தேதி வரை தாங்கும்". கிடங்கு காலியாகும் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். கோட்டை தாங்கும் நாள் தள்ளிப் போகப் போக, இங்கே இன்னொரு தாக்குதல், இன்னொரு தாக்குதல். இடுப்பளவு பனி. துப்பாக்கியின் இயங்கும் பாகம் உறைந்து அசையாது. படுத்தவன் எழுந்திருப்பதில்லை. ஏப்ரல் வரை மலையில் செத்தவர், காயம்பட்டவர், பனியில் விரல் கால் இழந்தவர், நோயாளி, பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து அந்தப் பேரரசுக்கு மட்டும் 8 லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். உள்ளே இருந்த 1,30,000 பேரை மீட்க 8 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். படையில் பலரும் என் மகன் வயசுக்காரர்கள்.

மார்ச்சில் மலைப்பக்கம் நம்பிக்கை போய்விட்டது. 19-ம் தேதி விடியலில் கோட்டைப் படை வெளியே பாய்ந்தது. கிழக்கே போனதற்குச் சொன்ன காரணம், அந்தத் திசையில் ரஷ்யர்களின் உணவுக் கிடங்குகள் இருக்கின்றன என்பது. போரிட்டு வெளியேறுவதைவிடச் சாப்பாட்டைத் தேடிப் போனது என்றே எனக்குப் படுகிறது. படைக்குக் கௌரவமாக ஒரு கடைசிச் சண்டை வேண்டும் என்ற எண்ணமும் மேலே இருந்தது. முன்னணியில் ஹங்கேரியின் 23-வது ஹோன்வேட் டிவிஷன். கிளம்புவதற்கு முந்திய நாட்களில் சிப்பாய்களுக்கு அதிகமாகச் சாப்பாடு கொடுத்தார்கள், தெம்பு வரட்டும் என்று. நீங்கள் டாக்டர், உங்களுக்கே தெரியும். மாதக்கணக்கில் சுருங்கிய வயிற்றில் திடீரென்று இறைச்சியைப் போட்டால் என்ன ஆகும்? பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். மூட்டை முடிச்சோடு பனியில் சில கிலோமீட்டர் நடந்து தங்கள் கடைசி வேலியைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி தெம்பு போயிற்று. ரஷ்யர்களுக்கு விஷயம் முன்கூட்டியே தெரியும். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்த டிவிஷனில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பவில்லை.

மூன்று நாள் கழித்து, 22-ம் தேதி அதிகாலை, கோட்டைகளைத் தாங்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். சான் ஆற்றுப் பாலங்களையும் தகர்த்தார்கள். மிச்சமிருந்த குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். குதிரைகளையும் கொன்றார்கள், எதிரிக்குப் போகக் கூடாது என்று. சரணடைந்தது சுமார் 1,20,000 பேர், அதில் 9 ஜெனரல்கள். குஸ்மானெக் 1918 வரை ரஷ்யாவில் கைதியாக இருந்தார். சிப்பாய்கள் சைபீரியா, மத்திய ஆசியா என்று எங்கெங்கோ. முற்றுகையைத் தாங்கியவன் முகாமில் டைஃபஸில் போனான்.

ஊர் ஜனத்தையும் சொல்ல வேண்டும். போருக்கு முன் அந்த ஊரில் 54,000 பேர். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போலந்துக்காரர்கள், மீதியில் யூதர்களும் உக்ரைனியர்களும். முற்றுகை தொடங்கும் முன்பே, 1914 செப்டம்பர் 15 அன்று, உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு உக்ரைனியக் கிராமத்தார் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊர்த் தெருவில் சொந்தப் பேரரசின் சிப்பாய்களே வெட்டிக் கொன்றார்கள். கோட்டை கைமாறிய பிறகு ரஷ்யர்கள் யூதர்களை ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு விரட்டினார்கள். பேரரசுகள் கோட்டைக்காக அடித்துக்கொண்டன. அந்த ஜனங்கள் எதையும் கேட்கவில்லை.

ஜூன் 3 அன்று ஜெர்மன், ஆஸ்திரியப் படைகள் ஊரைத் திரும்பப் பிடித்தன. ரஷ்யர்கள் வைத்திருந்தது இரண்டரை மாதம்கூட இல்லை.

கரிசல்காட்டான்

ஐயா, நான் பீரங்கி என்று சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி. நவம்பரிலேயே கோட்டையைக் காலி செய்துவிட்டு மொத்தப் படையையும் மேற்கே கூட்டிப்போயிருந்தால்?

ரேஷன் ஹவில்தார்

அதைத்தான் நானும் நினைக்கிறேன் தம்பி. கிடங்கு காலி என்று தெரிந்த பிறகு கோட்டை வெறும் வீடு. நல்ல ஆட்களையும் நடக்கிற குதிரைகளையும் மேற்கே அனுப்பிவிட்டு, கோட்டைகளை அப்போதே வெடி வைத்திருக்கலாம். செய்யவில்லை. அக்டோபரில் ரஷ்யத் தாக்குதலை முறியடித்ததைப் பேரரசு முழுக்கக் கொண்டாடியிருந்தார்கள். கொண்டாடிய இடத்தை மூன்று வாரத்தில் விட்டுவிட்டு வர யாருக்கும் மனசு வரவில்லை. தவிர, ரஷ்யாவின் ஒரு முழுப் படை அங்கேயே கட்டுண்டு கிடக்கும் என்று ஒரு கணக்கும் இருந்தது. அது ஓரளவு நடக்கவும் செய்தது. எனக்கு அந்தக் கணக்கு கட்டுபடியாகவில்லை.

கிராக்கவ்வாசி

நான் ஆறு வருஷமாக கிராக்கவ் நகரில் வேலை பார்க்கிறேன். இரண்டு தடவை சைக்கிளோடு பிஷெமிஷல் போய்க் கோட்டைகளைச் சுற்றியிருக்கிறேன். யாராவது போவதாக இருந்தால் சொல்கிறேன்.

கிராக்கவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. ஊரின் நடுவே சான் ஆறு. அந்தப் பக்கத்துக்குப் பெயர் ஜசானியே, "சானுக்கு அப்பால்" என்று அர்த்தம். நம் ஊரில் அக்கரை என்போமே, அதேதான். கோட்டைகள் ஊரை விட்டு வெளியே, காட்டுக்குள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. மேற்கே வென்டோவ்னியா பக்கம் உள்ள எட்டாம் எண் கோட்டை ஓரளவு முழுசாக இருக்கிறது. போலெஸ்ட்ரஷிட்சே பக்கம் பதின்மூன்றாம் எண் கோட்டை மிகப் பெரியது, 1915 வெடியில் பிளந்தது. ஆள் உயரத்துக்கு மேல் தடிமனான கான்கிரீட் பாளங்கள் கவிழ்ந்து கிடக்கும், அவற்றின் மேல் பாசியும் மரமும். உள்ளே போவதானால் டார்ச் கட்டாயம், தரையில் குழி இருக்கும்.

எல்லைக்கோடு அக்கா, உங்களுக்கு இது முக்கியம். முதலாம் எண் கோட்டை, சாலிஸ்-சோலியோ என்று பெயர், ஷெட்லிஸ்காவில் இருக்கிறது. அது இன்றைய உக்ரைன் எல்லையை ஒட்டியே நிற்கிறது. நீங்கள் மெடிகாவில் வந்து நின்ற இடத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர்தான்.

எல்லைக்கோடு

எனக்கு இது தெரியவே தெரியாது. அன்றைக்கு வரிசையில் நின்றபோது வலது பக்கம் இருட்டில் காடு மாதிரி ஒரு மேடு தெரிந்தது. அதுவா என்று சொல்லத் தெரியவில்லை, எல்லாப் பக்கமும் இருட்டுதான்.

அடுத்த வருஷம் லீவு கிடைத்தால் போகப் போகிறேன். அந்தப் பாட்டியையும் தேடிப் பார்க்க வேண்டும். சூப்போடு ரொட்டி இரண்டு துண்டு கொடுத்தார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவே இல்லை, என் கோட்டுப் பாக்கெட்டில் திணித்துவிட்டார்.

ரேஷன் ஹவில்தார்

போய்விட்டு வாருங்கள் அம்மா. எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தக் கோட்டைகளில் எங்காவது குதிரை லாயம் இருந்த இடம் என்று காட்டினால் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். தொட்டி, வளையம், எது மிச்சமிருந்தாலும் சரி.